கடைசியில யாரோ பாடுறான்

எங்கள் குழு வெளியிட்டவை மொத்தம் மூன்று கேசட்டுகள். மூன்றாவதை அழித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மூன்று பேர். பாடியவன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்த்தான். பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினுக்குள் தள்ளும் இடம். வெளியே வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். டிரம்ஸ் அடித்தவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். கிட்டார் நான். சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, கல்யாண வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். யாரும் கூப்பிடவும் இல்லை. நாங்கள் வாசித்தது ராக். ஊரில் அதற்குச் சத்தம் என்று பெயர்.

முதல் கேசட்டை ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி குடோனில் பதிவு செய்தோம். சுற்றிலும் துணிப் பொதி அடுக்கியிருந்ததால் எதிரொலி இல்லை. ஒரு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை ஸ்டூல் மேல் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு ஓடிவந்து வாசிப்போம். கடைசிப் பாட்டை ஒன்பது தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. பத்தாவது தடவை எல்லாம் கூடிவந்த நேரத்தில், ‘ரெண்டு மணி ஷிஃப்டுக்கு ரெண்டு காலு போதாது’ என்ற கடைசி வரியில், பக்கத்து மில்லில் ரெண்டு மணிச் சங்கு ஊதியது. பாடகன் நிறுத்தவில்லை. சங்கின் சுருதியைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை இழுத்தான். பிறகு அந்தக் கேசட்டைப் போட்ட இடங்களில் எல்லாம் ஆட்கள் கையைத் திருப்பி மணி பார்த்தார்கள்.

நாங்களே முப்பது பிரதி எடுத்துக் கொடுத்தோம். மேல்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்தால்தான் கேசட்டில் வேறு எதுவும் பதிவாகாது. அதை உடைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. முப்பதும் முப்பது வீடுகளில் பக்திப் பாட்டாகவோ சினிமா வசனமாகவோ மாறிப்போயின.

இரண்டாவது கேசட்டுக்கு அட்டை அச்சடித்தோம். அச்சகக்காரருக்குக் கல்யாணப் பத்திரிகைதான் கைவந்த வேலை. பழக்கதோஷத்தில் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டார். டிரம்ஸ் அடிக்கும் சர்ச் பக்கத்து வீட்டுக்காரன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பஸ்ஸில் ஒரு பெரியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “முகூர்த்தம் என்னைக்கு?” என்று கேட்டார். அதை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. சும்மா கொடுத்ததும் முதலாவது போலவே அழிந்துபோனது.

மூன்றாவது மதுரையில், நிஜமான ஸ்டுடியோவில். அதற்குள் பாடகனுக்கு இருமல் வந்திருந்தது. இரண்டு வரி பாடுவான், வெளியே போய் இருமிவிட்டு வருவான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பழைய குடோன் பதிவையே சேர்க்கச் சொன்னான். ஸ்டுடியோக்காரர் சங்கை வெட்டிவிடலாமா என்று கேட்டார். “சங்கை வெட்டுனா அது யாரு பாட்டோ” என்றான். இரண்டாம் பக்கத்தின் முடிவில் அது அப்படியே இருந்தது.

அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கிய கேசட்டுகளில் உறவுக்காரர்கள் வாங்கியது போக மிச்சம் என் கட்டிலுக்கடியில் கிடந்தது. டிரம்ஸ்காரன் மஸ்கட் போய்விட்டான். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்தேன். ஆட்கள் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள், நான் பதிந்து கொடுப்பேன். எல்லாம் சினிமாப் பாட்டு.

ஒரு தை மாதம் காலி கேசட் வந்து சேரவில்லை. கல்யாண ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. கட்டிலுக்கடியிலிருந்து பத்து எடுத்தேன். கம்பெனி கேசட்டில் காது இருக்காது. அந்தப் பள்ளத்தை செலோடேப்பால் ஒட்டினால் புதிதாகப் பதியலாம். ஒட்டினேன். பத்து மட்டும் என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷத்தில் எல்லாப் பெட்டியும் காலி. எனக்கென்று எடுத்துவைத்த ஒன்றும் ஒரு வளைகாப்பு அவசரத்தில் போனது. எங்கள் பாட்டு விற்காது என்ற கோபமும் அதில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒருநாள் பாடகன் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கடைக்கு வந்தான். ஆளே பாதியாகியிருந்தான்.

“ஏலே, நம்ம பெட்டியெல்லாம் எங்க?”

“எல்லாம் போயிருச்சு.”

“போயிருச்சுன்னா?”

“போயிருச்சு மாப்ள. ஒண்ணுகூட இல்ல.”

கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு, “நாந்தான் சொன்னேம்லா, மெதுவாத்தான் போகும்னு” என்றான். இரண்டு டீ சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைக் கெடுக்க எனக்குத் துணிவு இல்லை. தப்பான அர்த்தத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு டீயைக் குடித்தேன்.

அடுத்த மாதம் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். “பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. முடிஞ்ச பொறவு கடைசியில யாரோ பாடுறான், சங்கு வேற ஊதுது. கல்யாண வீட்டுல சங்கு ஊதுனா நல்லாவா இருக்கு? அதை அழிச்சுக் குடு.”

போட்டுக் கேட்டேன். சினிமாப் பாட்டுகள் பக்கத்தை நிரப்பாமல் முன்னாலேயே முடிந்திருந்தன. கடைசி வரியும், சங்கும், சங்கோடு சேர்ந்த அவன் குரலும் மிச்சம் இருந்தன. மளிகைக் கடைக்காரர் மணி பார்த்தார். நான் பட்டனை அழுத்தி அழித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் அதே குறையோடு வந்தார்கள். இரண்டையும் அழித்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் பாடகன் இறந்துபோனான். நெஞ்சு முழுக்கப் பஞ்சு என்றார்கள். காரியம் முடிந்து சில மாதம் கழித்து அவன் மனைவி சின்ன மகளோடு கடைக்கு வந்தார்.

“அண்ணே, வீட்டுல இருந்த கேசட்டு செட்டுல சிக்கிப் பிஞ்சிருச்சு. பாப்பா அப்பா குரல் மறந்துபோச்சுங்கா. உங்ககிட்ட ஒண்ணாச்சும் இருக்குமா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அழவில்லை.

“இருக்காதுன்னு தெரியும். அம்புட்டும் வித்துப்போச்சுன்னு அவிய ஆஸ்பத்திரி நர்சுகிட்டகூடச் சொன்னாவ. ஏதோ, நாலு வீட்டுலயாவது அவிய பாட்டு இருக்குல்லா.”

ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாளே மதுரைக்குப் போனேன். ஸ்டுடியோவில் எங்கள் பாட்டைப் பதிந்த ஸ்பூல் டேப்பில் வேறு யாரோ பாடினார்கள்; கொடுத்துவிட்டு வந்த குடோன் பதிவும் இல்லை. செட்டியார்பட்டிக்குப் போனேன். “நீதான தம்பி அழிச்சுக் குடுத்த” என்றார் மளிகைக் கடைக்காரர். வாங்கிய உறவுக்காரர்கள் வீடுகளிலும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து யாராவது கேசட்டைத் திருப்பிக் கொண்டு கடைப்படி ஏறினால் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பேன். கடைசியில் யாரோ பாடுகிறான், சங்கு ஊதுகிறது என்று இன்னும் ஒரே ஒருவர் குறை சொல்ல வேண்டும். சத்தம் குறைவாக இருக்கிறது என்றார்கள், மூன்றாவது பாட்டு இழுக்கிறது என்றார்கள், பட்டியலில் ஒன்று விட்டுப்போனது என்றார்கள். கடையைச் சாத்தும்வரை அந்தக் குறையை மட்டும் யாரும் சொல்லவில்லை.