எடின்பரோவில் அத்தையோடு ஒரு கோடை

மாடி பஸ்ஸின் மேல்தளம். முன்கண்ணாடியை ஒட்டிய இருக்கையில், கம்பியை இரு கைகளாலும் பிடித்தபடி அத்தை உட்கார்ந்திருக்கிறார். நூல்சேலைக்கு மேல் என் கணவரின் பழைய மழைக்கோட்டு. மரக்கிளைகள் கண்ணாடியை உரசும்போதெல்லாம் தலையைத் தாழ்த்திக்கொண்டு சிரிக்கிறார். என் கணவரின் அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நாங்கள் நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் இருந்தோம். மாமா காலமான பிறகு கோபிசெட்டிபாளையத்திலிருந்து அத்தையை அழைத்து வந்திருந்தோம். கார் ஓட்டத் தெரியாதவர் அங்கே வீட்டைவிட்டு எங்கும் போக முடியாது. நாங்கள் வேலைக்குக் கிளம்பியதும் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்ப்பார். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். ஊர் வீட்டை விற்றுவிட்டு அம்மாவை எங்களோடே வைத்துக்கொள்வது என்று கணவர் முடிவு செய்திருந்தார், ஒரே பிள்ளை. நான் கருவுற்றிருந்தேன். குழந்தையை அத்தை பார்த்துக்கொள்வார், நான் வேலையை விட வேண்டாம் என்று எனக்கும் ஒரு நினைப்பு. அத்தை எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சம்மதமும் சொல்லவில்லை என்பது எங்கள் புத்தியில் ஏறவில்லை.

அந்தக் கோடையில் கம்பெனி வேலையாக என்னை ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். “அம்மாவையும் கூட்டிட்டுப் போ, உனக்கு ஹெல்ப்பா இருக்கும்” என்றார் கணவர்.

போன புதிதில் ஒரு மாலை வீடு திரும்பினால் கதவு பூட்டியிருந்தது. பதறிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை நிதானமாக ஏறி வந்தார்.

“பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி, அதே பஸ்லயே திரும்பி வந்துட்டேன் அம்மிணி. அங்க கடல் இருக்குது!”

அதன்பின் அவர் போகாத பஸ் இல்லை. சனி ஞாயிறுகளில் என்னையும் கூட்டிப் போனார். பாறைமேல் கோட்டை, மழையில் நனைந்து கறுத்த கல்வீடுகள், அவற்றின் நடுவே திடீரென்று இறங்கும் சந்துகள், போர்ட்டோபெல்லோ கடற்கரை, சவுத் க்வீன்ஸ்ஃபெரியில் கடலின்மேல் நிற்கும் செந்நிற ரயில் பாலம். சாயங்காலங்கள் முடியவே முடியாது. வெயில் போக மனமில்லாமல் கூரைகளின்மேல் படுத்துக் கிடக்கும். சில நாள் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஊரையே அழித்துவிடும். கோபுரங்களின் நுனி மட்டும் மிதக்கும். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோய் இருவரும் நடந்துகொண்டிருப்போம்.

க்ராமண்ட் என்ற இடத்தில் ஒரு சின்னத் தீவு உண்டு. கடல் வற்றும்போது கல்பாதை ஒன்று வெளியே தெரியும். அதில் நடந்தே போய்விடலாம். ஒரு சனிக்கிழமை போனோம். தீவின் புல்மேட்டில் உட்கார்ந்திருக்கையில் பனி வந்து சூழ்ந்தது. கரை மறைந்தது.

“உங்கூட்டுல எனக்கு ஒரு கொறையுமில்ல அம்மிணி” என்றார் அத்தை. “ஆனா அங்க நானா கதவத் தொறந்து போறதுக்கு ஒரு எடமில்ல. கொழந்த பொறந்து நீ எந்திரிச்சு நடமாடற வரைக்கும் இருக்கறேன். அப்பறம் என்னைய அனுப்பிருங்க. ஊட்ட விக்க வேண்டாம்.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்புறம் குழந்தையை யார் பாத்துக்குவாங்க, அத்தை?”

“கொழந்த எப்படியும் வளந்துரும். நாந்தான் அங்க சுருங்கிப் போயிருவேன்.”

அப்போது நாயோடு வந்த ஒருவர், தண்ணீர் ஏறுகிறது, உடனே கிளம்புங்கள் என்று கத்தினார். பாதையின் இருபுறமும் கடல் ஓசையில்லாமல் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தார். “வெரசா வா. காலைப் பாத்து வெய்யி.” கரையேறும்போது கணுக்கால்வரை நனைந்திருந்தோம்.

“அவர்கிட்ட நான் பேசறேன்” என்றேன்.

மறுநாள் கணவரிடம் போனில் சொன்னேன். “நீ ஏதாச்சும் சொன்னியா அம்மாவ?” என்று கேட்டார். என் முகம் மாறியதைப் பார்த்த அத்தை ரிசீவரை வாங்கிக்கொண்டார். “அவள ஒண்ணும் கேக்காத. நாந்தான் போறேங்கறேன்.”

நியூஜெர்சிக்குத் திரும்பியபின் மகள் பிறந்தாள். அத்தை சொன்னபடியே இருந்து, குளிர்காலப் பனி கரைந்து, மகளுக்குத் தலை நின்றதும் ஊருக்குப் போனார். மகள் டேகேருக்குப் போனாள். கணவருக்கு மனம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் தந்துவிடுவார்.

இப்போது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். பால் வாங்கவும் கார்தான். அத்தை காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. வெளியே வெறும் தெருவைப் பார்க்கும்போது, அவர் ஊரில் இருந்த நாட்களின் ஒரு ஞாயிறு நினைவுக்கு வரும். வழக்கம்போல் கணவர் ஊருக்குப் போன் போட்டார். எடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். ஸ்பீக்கரில் கேட்டது.

“அக்கா இல்லீங்களே. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிச் சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“எங்க போனாங்க?”

“ராமேஸ்வரம் பஸ்ல ஏறுனாங்க. கடலப் பாத்துட்டு வர்றேன்னாங்க.”

“யார்கூட?”

“தனியாத்தானுங்க. முன்சீட்டு கெடைக்கோணும்னு வெடியறதுக்குள்ளயே கெளம்பிட்டாங்க.”

கணவர் சிரிக்க ஆரம்பித்தார். அச்சு அசலாக அம்மாவின் சிரிப்பு.