கடைசி ஆளாக வந்தவள்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் சந்திப்பில் வெயிலில் நின்று விசில் ஊதுவது என் வேலை. போக்குவரத்துக் காவலில் இருக்கிற எனக்கு வாய்த்த மகளோ பிரேக் இல்லாத சைக்கிள் ஓட்டுகிறவள். அந்த சைக்கிளை அவள் முதல்தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குள் தூக்கி வந்தபோது, தொழில் புத்தியில் கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது.

"ஏட்டி, பிரேக் எங்க?"

"டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கெடையாதும்மா."

"பொறவு எப்படி நிக்கும்?"

"நிக்கிறதுக்கா சைக்கிள் வாங்குவாக?"

ரோட்டில் எவனாவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் வண்டி நேராக ஸ்டேஷனுக்குப் போயிருக்கும். மகள் என்பதால் தோசை ஊற்றப் போனேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவள் அப்பாதான். ராணுவத்தில் இருக்கிறார். லீவில் வந்தபோது ஒரு கியர் சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக எல்லைக்குப் போய்விட்டார். இவள் காலையில் வத்திராயிருப்பு ரோட்டில் போய்த் திரும்புவாள். வழியில் தென்னந்தோப்பு நாய்கள் விரட்டும். அவளுக்கு வேகம் கூடியதில் அந்த நாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. அவள் வேகத்தைப் பார்த்து டிராக் பக்கம் இழுத்த கோச்சிடம் இதைச் சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டிராக் என்பது கிண்ணம்போல ஓரம் உயர்ந்த வட்டத் தளம். அதில் எல்லாரும் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்ற வேண்டும். உலகம் முழுக்க அதுதான் சட்டமாம். அப்படி ஒரு தளம் எங்கள் ஊரில் ஏது? விடியும் நேரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள் நான்கும் காலியாகக் கிடக்கும். தேரே திரும்புகிற முக்கு, சைக்கிள் திரும்ப இடமா இல்லை? அங்கே இடப்பக்கம் திரும்பிப் பழகலாம் என்று கிளம்பிவிட்டாள்.

எல்லாரும் கோயிலை வலமாகச் சுற்றும் வீதி அது. தேரும் வலமாகத்தான் வரும். இவள் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் பறந்தால் சும்மா விடுவார்களா? பூக்கட்டும் அக்கா ஒருவர் கீழ ரத வீதியில் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"ஏட்டி, கோயில எடஞ்சுத்துதியே! நாச்சியாரு கோவிச்சுக்கிட மாட்டாளா?"

"வெளையாட்டுச் சட்டம் அப்படி அக்கா."

"அது ஒங்க சட்டம். இது எங்க வீதி."

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. எத்தனையோ லாரிக்காரர்களையும் ஆட்டோக்காரர்களையும் சமாளித்த எனக்கு, இந்த ஒரு பூக்கார அக்காவைச் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார். இடமாக எம்புட்டு வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம், வீட்டுக்குப் போகும் முன் மெதுவாக, மரியாதையாக, வலமாக ஒரு சுற்று வர வேண்டும். மகளும் அப்படியே செய்தாள். அவள் களைத்துப்போய் நழுவப் பார்த்தால், "வலஞ்சுத்து பாக்கி இருக்கு" என்று அக்கா குரல் கொடுப்பார். கோச்கூட அவளை அப்படி விரட்டியதில்லை.

இப்படி மளமளவென்று வந்துகொண்டிருந்தவள், போன வருஷம் ஒரு மாநிலப் போட்டியில் விழுந்தாள். கும்பலாகப் போகும்போது முன்னால் போனவள் சாய, இவள் அவள்மேல் ஏற, பின்னால் வந்தவர்கள் இவள்மேல் ஏறினார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே காலர் போன் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. தனியாக ஓட்டினால் பழைய வேகம், நாலு பேர் பக்கத்தில் வந்தால் கை நடுங்கும். ரத வீதியில் பால்காரர் சைக்கிள் ஒட்டி வந்தாலே ஒதுங்கி நின்றுவிடுவாள்.

இந்த நிலையில்தான் ஆசியப் போட்டிக்கு ஜூனியர் குழுவில் இடம் கிடைத்தது. ஆனால் தனியாக ஓட்டும் பந்தயத்தில் இல்லை. ஸ்கிராட்ச் என்று ஒன்று. எல்லாரும் ஒரே கும்பலாகக் கிளம்பி, சொன்ன சுற்றுகளை யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். எனக்கு விளங்கியது அம்புட்டுதான். வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், துணிகளை மடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இதுலயும் கூட்டத்தப் பாத்துப் பயந்து நின்னுட்டேன்னா, சைக்கிள வித்துருவோம்மா."

அவள் மடித்து வைத்த துணியையே எடுத்து நான் திரும்பவும் மடித்தேன்.

பந்தய நாளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. டியூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தேன். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தார். "எம் மக" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், என் சீட்டைச் சுற்றித் திருவிழா. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு என் தலைக்கு மேலே குனிந்து நின்றார்.

பந்தயம் தொடங்கியது. நீலச் சட்டையில் மகள் கும்பலின் ஓரமாக, யார்மேலும் படாமல் போய்க்கொண்டிருந்தாள். வன்னியம்பட்டி விலக்கு வந்ததும் சிக்னல் போய்விட்டது. திரையில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் சுற்றியது. டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள், வேகமாகப் போகச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள். அவர் யார் பேச்சையும் கேட்காமல் ஹாரனை அடித்தார்.

படம் திரும்பி வந்தபோது என் மகள் கும்பலின் வாலில் இருந்தாள். எல்லாருக்கும் கடைசி.

பஸ்ஸே உச்சுக்கொட்டியது. பக்கத்துப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "விடுங்கக்கா, அம்புட்டுத் தூரம் போயி ஓட்டுதே, அதுவே பெருசு" என்றார் கண்டக்டர். எனக்கு அவள் துணி மடித்தபடி சொன்னதுதான் காதில் கேட்டது. கும்பலைப் பார்த்துப் பயந்து பின்தங்கிவிட்டாள், இனி சைக்கிளைத் தொட மாட்டாள் என்று மனசு விட்டுப்போனது. கடைசிச் சுற்று மணி அடித்தது. முன்னால் போனவர்கள் உயிரைக் கொடுத்து மிதித்துக் கோட்டைத் தாண்டினார்கள். இவள் ஆகக் கடைசியாகத் தாண்டினாள். தாண்டியவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள்!

"கடைசில வந்துட்டுக் கையத் தூக்குதா பாருங்க, வெக்கங்கெட்டவ!" என்று நான் கத்தியது டிரைவருக்கே கேட்டிருக்கும்.

"அக்கா, செத்த பொறுங்க" என்றார் கண்டக்டர். "ஒண்ணாம் எடத்துக்கு நேரா இந்தியான்னு போட்டிருக்கான்."

"தப்பாப் போட்டுட்டான்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு, சிக்னல் இல்லாதபோது நாங்கள் தவறவிட்டதைத் திரும்பக் காட்டினார்கள். ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று கும்பலை விட்டுப் பிய்த்துக்கொண்டு தனியாகப் பறக்கிறாள். இடைவெளி கூடுகிறது. கால் வட்டம், அரை வட்டம், முக்கால் வட்டம். இன்னும் கொஞ்சம் போனதும் அதே கும்பலின் முதுகு அவள் கண்ணெதிரே வந்துவிட்டது. எல்லாரையும்விட ஒரு முழுச் சுற்று கூடுதலாகப் போய், அவர்கள் வாலைப் பிடித்திருக்கிறாள். நாங்கள் கடைசி என்று அழுதது அதைப் பார்த்துத்தான். அதன்பிறகு அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும், தங்கம் அவளுக்குத்தான்.

எனக்கு விளங்குவதற்குள் பஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தன. கண்டக்டர் யாருக்கோ போன் போட்டு, தன் சொந்தத் தங்கச்சி ஜெயித்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அப்படி அழுவேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது அவள் கூப்பிட்டாள். இரைச்சலில் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டேன். பஸ் நின்றுவிட்டது. ஒருவரும் இறங்கவில்லை.

"ஏட்டி, கூட்டத்தப் பாத்துப் பயமா இல்லையா?"

"பயந்தாம்மா. உள்ள நிக்க முடியல. அதான் தப்பிச்சு ஓடுனேன். ஓடி ஓடிப் பாத்தா, எல்லாரும் எனக்கு முன்னால போறாங்க."

"பொறவு?"

"பொறவு எங்க ஓட? அவங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல பக்கத்துலயும் ஆளு வந்துட்டாங்க. கை நடுங்கலம்மா."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எம்மா, சைக்கிள விக்கப் போறேன்னு சொன்னேன்ல, அத யார்ட்டயாச்சும் சொல்லிட்டியா?"

"இல்லடி."

"சொல்லிராத."

பஸ்ஸில் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.