மெதெர்பேக்கின் தடுப்பான்கள்

பிளாஸ்டர் அச்சு காய்வதற்குள் பிரவுசரில் இருக்கும் விளம்பரத் தடுப்பானைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிவிட வேண்டும் மெதெர்பேக்குக்கு. ஓஷ் சந்தைக்குப் பின்னால் அவருடைய பல் கட்டும் கடை. தங்கப் பல்லுக்கு வந்த லாரிக்காரர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி காத்திருப்பார். இவரோ மடிக்கணினியை விட்டு நகரமாட்டார். உட்கார்ந்தால் கால் ஆடும், எழுந்தால் கை பரபரக்கும்.

பிரவுசரில் மாட்டும் புது எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்றுதான் முதலில் படிப்பார். "பாருங்க அநியாயத்த! காவலுக்கு வர்றவனே பீரோ சாவியக் கேக்குறான்!" என்று லாரிக்காரரிடம் நியாயம் கேட்பார். வாயில் பஞ்சு, அவர் பாவம், தலையை ஆட்டுவார். ஒருமுறை இரண்டு தடுப்பான்களைச் சேர்த்துப் போட்டார். பக்கங்கள் பாதியில் நின்றுபோயின. "ரெண்டு பேர வச்சா அவனுங்களே அடிச்சுக்கிறானுங்க" என்று ஒன்றைத் தூக்கினார். நல்லதைத் தூக்கிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் மறுநாள் மற்றதையும் தூக்கினார். இப்போது இருப்பது பொல்லாதது. எந்தப் பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்டும் இவர் ஒவ்வொன்றாக அனுமதித்தால்தான் ஓடும்.

"உங்க கம்ப்யூட்டர்ல மழை வருமான்னு பாக்கக்கூட விசா எடுக்கணும்" என்பாள் மனைவி புருலாய். இவர் சிரிக்கமாட்டார். படம் பார்க்கிற பக்கத்தின் ஓரத்தில் மினுக்கிய பந்தய விளம்பரத்தைத் தொட்டுத்தான் தம்பி ஐதார் கெட்டான். அதுவும் இதே கணினியில். காரை விற்றான், அண்ணன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு மாஸ்கோவுக்கு ஓடினான். அப்புறம் பேச்சே இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இவருக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று மதியம் அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "அண்ணே, போன் ஒடஞ்சு போச்சு. கூட்டாளி கம்ப்யூட்டர்ல இருக்கேன். இந்த லிங்க்கைத் தொட்டா பேசலாம். சாப்பாட்டு நேரம் முடிஞ்சா மேஸ்திரி கூப்பிட்டுடுவான்."

தொட்டார். வெள்ளைப் பக்கம். தடுப்பான் நிறுத்திவைத்த ஸ்கிரிப்டுகள் வரிசையாக நின்றன, முன்பின் கேள்விப்படாத பெயர்கள். மெதெர்பேக் முதல் பெயர் யாருடையது என்று தேட ஆரம்பித்தார். அடுத்த மின்னஞ்சல் வந்தது: "அண்ணே, இன்னும் கோவமா?"

"ஐயோ, நீங்க கோவத்துல வரலன்னு அவன் நினைக்கிறான்!" கடைக்கு வந்திருந்த புருலாய் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எல்லாத்தையும் தொறந்து விடுங்க!"

"இதுல எவன் நல்லவன், எவன் திருடன்னு..."

"எவனோ வந்துட்டுப் போறான். தம்பி போயிடுவான்!"

தடுப்பானையே அணைத்தார். திரையில் சிமெண்டு படிந்த தொப்பியும், அதற்குக் கீழே இளைத்துப்போன ஒரு முகமும் தெரிந்தன.

"டேய்... சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேண்ணே. குரல் கேக்குது, ஆனா ஒரே இருட்டா இருக்கு. மொகத்தக் காட்ட மாட்டீங்களா?"

மெதெர்பேக் பல்லச்சைச் சீவும் கத்தியை எடுத்து, கேமராவின் மேல் ஒட்டிவைத்திருந்த கறுப்பு டேப்பை அவசர அவசரமாகச் சுரண்ட ஆரம்பித்தார்.