மூன்று ராஜாவும் ஒரு தையல் மெஷினும்

நல்ல சீட்டு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவனுக்குச் சீட்டாட்டம் பாதிதான் தெரியும். வந்த நல்ல சீட்டை வைத்து நாலு காசு பார்க்கத் தெரிய வேண்டும். எனக்கு அது கடைசிவரை கைகூடவில்லை.

தொண்ணூறுகளில் வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். பக்கத்தில் பாதி கட்டி நின்றுபோன வீடு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே மூன்று சீட்டு ஆடுவோம். நான், அந்த வீட்டு மேஸ்திரி, ஒரு டீக்கடைக்காரர், ஒரு லாரி டிரைவர். ஆளுக்கு இரண்டு ரூபாய் நடுவில் வைத்துவிட்டு ஆட்டம் தொடங்கும். தைரியம் இருக்கிறவன் மேலே பணம் போடுவான், பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துவிடுவான்.

அந்த ஞாயிறு நான் ஆடப் போகவில்லை, மீட்கப் போனேன். மனைவி போளூருக்குத் தங்கை கல்யாண வேலையாகப் போயிருந்த வாரத்தில், அவளுடைய தையல் மெஷினை அடகு வைத்து, அந்தப் பணத்தையும் தோற்றிருந்தேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் தைத்த ஜாக்கெட்டுகளால். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அதற்குள் மெஷின் அதன் இடத்தில் இருக்க வேண்டும். சைக்கிளை விற்ற காசோடு உட்கார்ந்தேன்.

பாதிக் காசு போன பிறகு கையில் மூன்று ராஜா விழுந்தது. மூன்று ஆஸைத் தவிர அதை வெல்ல எதுவும் கிடையாது. முன்பெல்லாம் நல்ல சீட்டு வந்ததும் ஐம்பதாகத் தூக்கிப் போட்டு எல்லோரையும் விரட்டிவிடுவேன். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டேன். உதட்டைப் பிதுக்கினேன். போனால் போகட்டும் என்பதுபோல ஐந்து ரூபாய் மட்டும் வைத்தேன்.

டிரைவர் கவிழ்த்தார். டீக்கடைக்காரரும் கவிழ்த்தார். வெறும் பத்தை வைத்துக்கொண்டே மல்லுக்கு நிற்கிற மேஸ்திரி என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். நடுவில் கிடந்தது பதிமூன்று ரூபாய், அதில் ஏழு என்னுடையது.

சீட்டை விசிறியடித்தேன். "மூணு ராஜாய்யா! அஞ்சு ரூபாதான வெச்சேன்? எதுக்குய்யா எல்லாரும் ஓடுறீங்க?"

"கோச்சுக்காத சார்," என்றார் மேஸ்திரி. "நல்ல சீட்டு வந்தா நீ ஜன்னல்ல மலைய பாத்து கன்னத்துல போட்டுக்கற. மூணு வருஷமா பாக்கறோம். இப்பவும் போட்டுக்கினியே, தெரியல?"

தெரியவில்லை. மலையையே சாமியாகக் கும்பிடுகிற, அது கண்ணில் பட்டால் கை தானாகக் கன்னத்துக்குப் போகிற ஊர் இது. பஸ் டிரைவரே ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போட்டுக்கொள்வார். அதை யார் கவனிக்கிறார்கள்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நானேதான். அவமானத்தில் அழுகை முட்டியது.

மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு உருப்படியாக ஒரு சீட்டு வரவில்லை. நாலு மணிக்குப் பை காலி.

வீட்டுக்கு வந்தால் அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். மெஷின் இருந்த மூலையில் தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது.

"எங்க மெஷினு?"

"சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்," என்றேன்.

கத்துவாள் என்று நின்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நானே சொல்லணும்னு இருந்தேன், பெல்ட்டு நழுவிக்கினே இருந்திச்சி. நான் சொல்லாமயே உங்களுக்குத் தோணியிருக்குது பாருங்க." வாசல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எப்ப தருவாங்க?"

"செவ்வாய்க்கிழமை."

பையைப் பிரித்துத் தங்கையின் கல்யாண ஜாக்கெட் துணிகளைத் தரையில் விரித்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். செவ்வாய்க்கிழமை உட்கார்ந்ததும் தைத்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தாள். நான் கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.