திறந்து பார்க்காத பென் டிரைவ்

எங்கள் தெரு இஸ்திரிக்கடைக்காரிக்குப் ‘பிரிச்சுப்பாரு’ என்று பட்டப்பெயர். துணியை மடித்தபடி தரமாட்டாள். வாங்குபவர் கண்முன் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, “கருகல் இல்லை” என்று அவர் வாயால் வந்தபிறகே மறுபடி மடிப்பாள். இதில் ரயிலைத் தவறவிட்ட ஒருவர், அடுத்த ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு, இன்றுவரை இவளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் தம்பி சரக்கு வேன் ஓட்டுபவன். ஒரு செல்போன் கடையின் பூட்டை எவனோ உடைத்தபோது எதிரே வேனில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தக் குற்றத்துக்கு இவனைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். கடைவாசல் கேமராப் பதிவு போலீசிடம் இருந்தது. விசாரணைக்கு முன்பே அதன் நகலைத் தம்பியின் வக்கீலுக்குத் தரவேண்டும் என்பது சட்டம். கேட்டால், “வரும், வரும்.” மழைக்குக்கூட யாரும் இப்படி அண்ணாந்து காத்திருந்ததில்லை.

விசாரணையன்று காலை, நீதிமன்ற வராந்தாவில் இன்ஸ்பெக்டர் ஒரு பென் டிரைவை நீட்டினார். திறந்து பார்க்காமலே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கமாம். வக்கீலும் பேனாவை எடுத்தார். இவள் குறுக்கே கையை வைத்தாள்.

“பிரிச்சுப் பாருங்க சார்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “இது என்ன சட்டையாம்மா?”

“சட்டை கருகினா வேற வாங்கிக்கலாம். இதுல இருக்கறது என் தம்பி.”

வக்கீல் லேப்டாப்பில் சொருகினார். உள்ளே சுத்த வெறுமை.

“காப்பி ஆகல போல,” என்றார் இன்ஸ்பெக்டர். ஆகவில்லையாம்! தானாகவே!

விஷயத்தைக் கேட்ட நீதிபதி, மூலப் பதிவை அங்கேயே போடச் சொன்னார். முன்னால் வேறொருவன் பூட்டை நெம்புகிறான். பின்னால் வேன் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி தம்பி தூங்குகிறான். விடுதலை.

“அதான் விட்டாச்சேம்மா, இன்னும் என்ன?” என்றார் அரசு வக்கீல்.

“மொத நாளே இதைப் பாத்தீங்கல்ல? அப்புறம் எதுக்குய்யா புடிச்சு வெச்சீங்க?”

தம்பி உள்ளே போகும்போது தவழ்ந்த மகள் இப்போது ஓடுகிறாள். அப்பனைக் கண்டால் அத்தைக்குப் பின்னால் ஒளிகிறாள்.

போன வாரம் அதே இன்ஸ்பெக்டர் இஸ்திரிக்குப் போட்ட சீருடையை வாங்க வந்தார். இவள் நடுத்தெருவில் அதை விரித்து, பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் காட்டினாள்.

“எல்லாம் இருக்கான்னு பாத்துக்குங்க சார். இங்க எதையும் மறைச்சு வெக்கிறதில்ல.”

“இருக்கும்மா,” என்று முணுமுணுத்தார்.

“கேக்கல சார். சத்தமா!”