எடுக்காமல் போன குறி

ஃபெமினாவின் விரல்கள் கட்டளையை அடித்துவிட்டு எண்டர் விசைக்கு மேல் நின்றன. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் சுண்டுவிரல் இறங்கியது. கறுப்புத் திரையில் பச்சை வரிகள் விழுந்தன. இடப்பக்கம் நிகழ்வுகளின் பெயர்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றும் நடந்ததா இல்லையா என்ற குறி. மூன்றாவது வரியில், ‘பட்டியல் வந்தது’ என்ற நிகழ்வுக்கு நேரே, நடந்துவிட்டதாகக் குறி இருந்தது.

பட்டியல் இன்னும் வரவே இல்லை.

ஃபெமினா அந்த வரியை மறுபடி படித்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியிலிருந்து, ஹாலந்திலுள்ள மருந்து விநியோக நிறுவனம் ஒன்றின் பெரிய கணினியை ஏழு பேர் முறைவைத்துக் கவனிக்கிறார்கள். உவரிக்காரியான ஃபெமினா கையேடுகளை அச்செடுத்து, வரிவரியாகப் படித்து, இந்த வேலையைத் தானே கற்றுக்கொண்டவள். அந்தக் கணினியில், ஒரு நிகழ்வுக்குக் குறி விழுந்தால் அதற்காகக் காத்திருக்கும் வேலைகள் தத்தம் நேரமும் வந்ததும் தாமே கிளம்பும். வேலை முடிந்ததும் குறி தானே விலகும். மருந்துக்கடைகளின் தேவைப் பட்டியல் நேரம் தப்பி வந்தால் மட்டும் ஆள் கையால் குறி போட வேண்டும். கையால் போட்டது தானே விலகாது. போட்டவரே எடுத்துவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும்.

நேற்று போட்டவள் அவள்தான். தம்பிக்குப் பெண் பார்க்க உவரி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், எடுக்காமல் போனவளும் அவள்தான்.

மணி பதினொன்று பத்து. பதினொன்றரைக்கு வேலை கிளம்பும். உள்ளே கிடக்கும் நேற்றைய பட்டியலையே எடுத்து, நேற்று வாங்கிய கடைகளுக்கே மறுபடி மருந்து அனுப்பும்.

சத்தமில்லாமல் குறியை எடுத்துவிட்டால்? ஒரே வரிதான். கை பாதிக் கட்டளைவரை போய்விட்டது. ஆனால் எதைத் தொடுமுன்னும் அதைச் சார்ந்தது என்னவென்று பார்ப்பது அவள் பழக்கம். நிகழ்வின் பெயருக்கு முன் ஓர் எழுத்தை இட்டு, அதற்காகக் காத்திருக்கும் வேலைகளைக் கேட்டாள். திரை இரண்டு வேலைகளைக் காட்டியது: ஒன்று பட்டியலைப் பிரிப்பது, மற்றது குளிர்வண்டிகளில் இன்சுலின் ஏற்றுவது. இரண்டாவதற்குப் பட்டியல் தனி; இன்றையது சரியாக வந்திருந்தது. குறியை எடுத்தால் அதுவும் கிளம்பாது.

குறியை விட்டுவைத்து முதல் வேலையை மட்டும் நிறுத்திவைக்கலாம். அதற்குக் குழுத்தலைவர் கணேஷ்ராமின் அனுமதி வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். போன மாதம் குறியை எடுக்க மறந்த கோமதிசங்கரை, ஹாலந்திலிருந்து வந்த ஒரே மின்னஞ்சலில் வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். மணி பதினொன்று இருபத்துமூன்று ஆகும்வரை அங்கேயே இருந்துவிட்டு, எழுந்து அவர் மேசைக்குப் போனாள்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கே?” என்றார் கணேஷ்ராம்.

“சார், நேத்து கையால போட்ட குறிய எடுக்காமப் போயிட்டேன்.”

அவர் டீ தம்ளரைக் கீழே வைத்தார். “எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! இதைக் கேக்கவா வந்தே?”

“எடுத்தா குளிர்வண்டியும் நின்னுரும் சார். ரெண்டும் அதுலதான் தொங்குது. வந்து பாருங்க.”

அவர் வந்து குனிந்து பார்த்தார். “ஆத்தாடி! அந்தப் பய கோமதிசங்கர் மறந்தது தெரிஞ்சதும் சட்டுனு எடுத்துட்டான். அன்னைக்கு வண்டி நின்னது இதனாலதானா!” நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் நாலு நிமிசம்தான் இருக்கு. என்ன பாத்துக்கிட்டு இருக்கே, நிறுத்து. பைய, பேரப் பாத்து அடி.”

வேலையின் பெயர் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். பதினொன்றரைக்குக் குளிர்வண்டி வரி ஓடத் தொடங்கியது. மற்றது அசையவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் வந்ததும், அதன் தேதியை மூன்று முறை பார்த்துவிட்டு முதல் வேலையை விடுவித்தாள். அது முடிந்த பிறகு குறியைக் கையால் எடுத்தாள்.

“என்னையும் அனுப்பிருவாங்களா சார்?”

“அது அவங்க கையில இருக்கு. நீ நடந்ததை எழுது.”

இரண்டு மணிக்கு அடுத்த முறைக்காரர் முகம்மது இப்ராஹிம் வந்து, ஒப்படைப்பு நோட்டைப் படித்தார்.

“என்னத்துக்கு உன் பேர எழுதுதே? நேத்தைய ஷிஃப்ட்னு போட்டாப் போதாதா?”

“நேத்து நீங்களும்தானே ஷிஃப்ட் பாத்திய அண்ணே? நாளைக்கு யாரைக் கேப்பாங்க?”

அவர் நோட்டோடு திரைக்கு அருகில் வந்தார். ஹாலந்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஃபெமினா கட்டளையை மறுபடி அடித்து, நிகழ்வையும் அதைச் சார்ந்த இரண்டு வேலைகளையும் விரல்வைத்துக் காட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டதும் நாற்காலியை அவரிடம் விட்டு எழுந்தாள்.