தீப எண்ணெய் போட்ட செயின்

என் மனைவியின் சைக்கிள் டப்பாவைப் பார்த்து நான் அடிக்காத கிண்டல் இல்லை. பிஸ்கெட் வந்த பெரிய தகர டப்பா அது. உள்ளே ஸ்பானர்கள், திருப்புளி, டயரை நெம்பும் பட்டைகள், பஞ்சர் ஒட்டும் பசை, உப்புத்தாள், பிளையர், பழைய டூத் பிரஷ், மெஷின் எண்ணெய், சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், கிழிந்த பனியன் துணி. பனியன் என்னுடையது என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்வேன். "கடை போடப் போறியா? போர்டு எழுதித் தரட்டுமா?" என்பேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பிரேக்கைக் கழற்றி மாட்டிவிடுவாள். எனக்கோ பல்பு மாற்றவே ஆள் வேண்டும்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. வாசலில் எனக்கு ஒரு பெட்டிக்கடை. கற்பூரம், திருநீறு, தீப எண்ணெய், தண்ணீர் பாட்டில். பௌர்ணமி அன்று பாதையில் மோட்டார் வண்டி எதையும் விடமாட்டார்கள். என் மோட்டார் பைக்குக்கு அன்று லீவு.

அப்படி ஒரு பௌர்ணமியில்தான் அவளுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல் வந்தது. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை மனு போடக்கூட முடியாது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. "சைக்கிள்லயே போய்டறேன். கூட்டம் ஜாஸ்தி இருந்தா தள்ளிக்கினு போறேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நானும் ஏதாவது செய்தாக வேண்டுமே. அவள் குளிக்கப் போன நேரம், கடையிலிருந்து ஒரு பாட்டில் தீப எண்ணெயை எடுத்து வந்து செயின் முழுக்கத் தாராளமாக ஊற்றினேன். சாமிக்கு ஏற்றுகிற எண்ணெய், இதைவிட நல்லது எது இருக்கப் போகிறது? பிறகு ஹேண்டில், சீட், சக்கரம், செயின் என்று ஒன்று விடாமல் ஒரு பாக்கெட் திருநீற்றைக் கொட்டித் தூவினேன். மலையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன். எட்டு மணிக்கு அவள் சீட்டை மட்டும் துடைத்துவிட்டு அவசரமாகக் கிளம்பினாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"ஏங்க, செயின் இறுக்கிக்கினு கழண்டுடுச்சு. செயின் லாக்கு எங்கியோ உழுந்துடுச்சு. குபேர லிங்கம் கோயிலுக்கு இந்தாண்டதான் நிக்கறேன். டப்பாவத் தொறங்க."

திறந்தேன். "இடது பக்கம் மாத்திர டப்பா ஒண்ணு இருக்குதா? அதுல புது லாக்கு இருக்குது. அப்புறம் பதினஞ்சாம் நம்பர் ஸ்பானர் ஒண்ணு, மேலயே நம்பர் போட்டிருக்கும். மூக்கு நீளமா ஒரு பிளையர். துணி. பிரஷ். மண்ணெண்ணெய் கொஞ்சம்." அவள் சொன்ன ஒவ்வொன்றும் சொன்ன இடத்திலேயே இருந்தது. ரோட்டில் நின்றுகொண்டே அந்த டப்பாவுக்குள் அவளால் பார்க்க முடிந்தது. என் கடையில் தீப்பெட்டி எங்கே என்று கேட்டால் நான் ஒவ்வொரு சாமானாக நகர்த்தித் தேடுவேன்.

பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். வெறுங்காலில் நடந்த பக்தர்கள், நான் ஏதோ வேண்டுதலுக்கு ஓடுகிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஆகிவிட்டது. மூச்சு வாங்கியது.

நல்ல புடவையை முழங்காலுக்கிடையில் சொருகிக்கொண்டு அவள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். செயினில் திருநீறும் எண்ணெயும் மண்ணும் கலந்து களிமண்ணாகியிருந்தது. ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு உள்ளங்கால் வரை சுட்டது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதுதான் என் சுபாவம்.

"ஸ்பானரக் குடுங்க" என்றாள்.

மண்ணெண்ணெய் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் நகர்த்தி, செயினின் இரண்டு முனைகளையும் பல்சக்கரத்தின் மேல் சேர்த்து, லாக்கை வைத்து பிளையரால் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. சக்கரத்தை இழுத்து நேர் பார்த்து நட்டை முறுக்கினாள். அவசரம் அவள் கையில் துளியும் இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கட்டிக்கொண்டவளை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேனோ என்றிருந்தது.

"டப்பாவுல எங்க எடுத்தீங்களோ அங்கயே வைங்க" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, "உள்ள போய்ட்டேன்" என்று போன் வந்தது. கடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வேலை கிடைத்தது. ஆர்டர் கையில் வந்த அன்றுதான், உள்ளே என்ன கேட்டார்கள் என்று அவளை விசாரித்தேன்.

"எங் கையப் பார்த்துட்டு, இன்னாம்மா இவ்ளோ கரின்னு ஒரு மேடம் கேட்டாங்க. வர்ற வழியில செயின் கழண்டுடுச்சு, நானே மாட்டிக்கினு வந்தேங்கன்னு சொன்னேன். எப்படிக் கழண்டுச்சுன்னு கேட்டாங்க."

என் முகம் தொங்கிப்போனது. "இன்னா சொன்ன?"

"பழைய செயினுங்கன்னு சொன்னேன்."

அது பழைய செயின் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுச் செயின் வாங்கி வந்து அவளே மாட்டியிருந்தாள்.